கடைசிப் பெட்டியைப் பார்த்தீர்களா?

அந்த ஸ்டேஷனில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'இன்னொருவாட்டி அக்கா'. காரணம் தெரிய வேண்டுமானால் பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் இருந்தால் போதும். பூட்டைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், நாலடி போவாள், "எதுக்கும் இன்னொருவாட்டி பாத்துடறேன்" என்று திரும்பி வந்து இழுப்பாள். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கியவள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்த நாட்கள் உண்டு. அவள் கணவர் தையல்காரர். மிஷினை மிதித்தபடியே, தலையைத் தூக்காமல், "அணைச்சாச்சு. ரெண்டு வாட்டி நீ பாத்த, ஒரு வாட்டி நான் பாத்தேன்" என்பார். அப்படியும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

இப்படிப்பட்டவளை ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் உட்கார வைத்தது எந்தப் புண்ணியவானோ, அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ரயில் ஓடுவதற்கு இவளைப் போல ஆள்தான் தேவை. ரயிலை ஓட்டும் நிர்வாகத்துக்குத் தேவையா என்பது வேறு விஷயம். அதைத்தான் சொல்ல வருகிறேன். சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் அவளுடைய கேபின். ஒரு ஜன்னல், இரண்டு டெலிபோன், ஒரு வாக்கிடாக்கி, சிக்னல் பட்டன்கள் வைத்த பலகை, ஒரு கால் குட்டையான நாற்காலி. குட்டைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தாள். வேறு நாற்காலி கேட்டு எழுதிப் போட்டு நாலு வருஷம் ஆகிறது, அது கிடக்கட்டும். முக்கியமான சாமான், ஜன்னலுக்குக் கீழே இருந்த சாம்பல் நிற இரும்புப் பெட்டி.

அடுத்த ஸ்டேஷனுக்கும் இவளுடைய ஸ்டேஷனுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர், ஒரே ஒரு லைன். ஒரு வண்டி உள்ளே இருக்கும்போது இன்னொரு வண்டியை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இரும்புப் பெட்டியின் வேலை எண்ணுவது. அந்த முனையில் எத்தனை ஜோடிச் சக்கரம் உள்ளே வந்தது, இந்த முனையில் எத்தனை வெளியே போனது என்று எண்ணும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு, லைன் காலி. ஒரு ஜோடி குறைந்தாலும் சிவப்பு விளக்கு எரியும், 'கீ கீ' என்று கத்தும், அடுத்த வண்டிக்கு சிக்னல் விழாது. எத்தனை ஜோடி பாக்கி என்று ஓரத்தில் சின்னதாக ஓர் எண்ணும் காட்டும். அக்கா அதற்கு வைத்த பேர் கணக்கப்பிள்ளை.

கணக்கப்பிள்ளை வருவதற்கு முன்னால் அந்த வேலையை மூன்று மனுஷர்கள் பார்த்தார்கள். கூட்ஸ் வண்டியின் கடைசியில் ஒரு கார்டு இருந்தார். யார்டின் கோடியில் கொடி பிடித்தபடி ஒரு பாயிண்ட்ஸ்மேன் நின்றார். கேபினில் அக்கா. கடைசிப் பெட்டியின் முதுகில் ஒரு சிவப்புப் பலகை மாட்டியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். இரும்புப் பெட்டி வந்ததும் மேலே இருப்பவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். எண்ணுவதற்குக் கருவி இருக்கிறதே, பார்ப்பதற்கு ஆள் எதற்கு? கார்டும் போனார், பாயிண்ட்ஸ்மேனும் போனார். கொடி வைக்கிற கம்பி மட்டும் இன்னும் அங்கே துருப்பிடித்து நிற்கிறது.

சரி, கருவி வேலை செய்தால் யாருக்கு என்ன வலி? ஆனால் கணக்கப்பிள்ளைக்கு மழை ஆகாது. தண்டவாளத்துக்கு அடியில் கேபிள் சேருகிற இடத்தில் மூடியில் விரிசல். நாலு தூறல் விழுந்தால் உள்ளே தண்ணீர் இறங்கும். கணக்கு ஒன்று குறையும், இரண்டு குறையும். வண்டி பத்திரமாக வந்து நின்றிருக்கும், இது மட்டும் 'கீ கீ' என்று ஒப்பாரி வைக்கும். சிக்னல் மெக்கானிக் வருவான், பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுவான்.

"புது கேபிள் கேட்டிருக்கேன்க்கா. வந்ததும் முதல்ல நம்ம ஸ்டேஷனுக்குத்தான்."

"போன வருஷமும் இதையேதான்டா சொன்ன."

"போன வருஷமும் கேட்டிருந்தேன்க்கா."

ஒன்பது வருஷம் அவன் கேட்டான். ஒன்பது வருஷம் மழையும் பெய்தது.

கருவி இப்படிச் சண்டித்தனம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது, நல்ல விதிதான். ஸ்டேஷன் மாஸ்டர் தன் கண்ணால் கடைசிப் பெட்டியின் சிவப்புப் பலகையைப் பார்க்க வேண்டும். ரெஜிஸ்டரில் 'கடைசிப் பெட்டி பார்த்தேன்' என்று எழுத வேண்டும். அடுத்த ஸ்டேஷன்காரருக்கு ஒரு ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பட்டனை அமுக்கினால் பழைய கணக்கு அழிந்து பச்சை வரும். விதி எழுதிய மகராசன் கூட்ஸ் வண்டியின் நீளத்தை மட்டும் மறந்துவிட்டான். இன்ஜின் கேபினுக்கு எதிரே நின்றால் கடைசிப் பெட்டி நானூறு மீட்டருக்கு அப்பால், வளைவு தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கும். கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் தெரியாது. ஜல்லிக்கல்லில் நடந்து போய்த் திரும்ப பன்னிரண்டு நிமிஷம் ஆகும்.

அக்கா நடந்தாள். கொட்டுகிற மழையில், கணவர் தைத்துக்கொடுத்த ஆரஞ்சு நிற மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஆறு வருஷம் நடந்தாள். வருஷத்துக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் தேய்ந்தது. போவாள், பலகையைப் பார்ப்பாள், பத்தடி திரும்பி நடப்பாள், எதற்கும் இன்னொரு வாட்டி பார்ப்பாள். கேபினுக்குள் நுழையும்போதே டெலிபோன் அலறிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் ரூமிலிருந்து கண்ட்ரோலர். நகரத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து எல்லா வண்டிகளையும் நேரத்துக்கு ஓட்டுவது அவர் பிழைப்பு.

"எங்கம்மா போனீங்க? வண்டி பன்னெண்டு நிமிஷம் லேட்டு!"

"கடைசிப் பெட்டியப் பாக்கப் போனேன் சார்."

"அது எங்கயும் ஓடிப்போயிடாதும்மா! பச்சையக் குடுங்க முதல்ல!"

ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு மெமோ வந்தது. 'தாமதத்துக்குக் காரணம் என்ன? மூன்று நாளில் விளக்கம் தரவும்.' அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலை எழுதினாள்: 'மழை பெய்தது. கடைசிப் பெட்டி வந்ததா என்று பார்க்கப் போனேன். வந்திருந்தது.' இப்படிப் பதினேழு மெமோ. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அது. பதினேழாவதில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: இது கடைசி எச்சரிக்கை, அடுத்த தாமதத்துக்கு இந்த நாற்காலி இருக்காது, தூரத்துக்கு மாற்றல். மகளுக்கு அப்போது பள்ளியில் முக்கியமான வருஷம். கணவருக்கு இந்தத் தெருவை விட்டால் வாடிக்கை கிடையாது. அந்தக் காகிதத்தை அவள் இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அப்போதுதான் அடுத்த ஸ்டேஷன்காரர் போனில் அந்தப் பேச்சை எடுத்தார். பதினோரு வருஷமாக இருவரும் தினம் இருபது முப்பது தடவை போனில் பேசுகிறவர்கள். ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. அவர் இருமினால் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று இவளுக்குத் தெரியும். இவளுக்கு அவர் அண்ணன்.

"நான் சொல்றேன்னு கோச்சுக்காதம்மா. இங்கேருந்து நான் முழுசா அனுப்பறேன். நடுவுல எவனாவது ஒரு பெட்டியத் தூக்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடுவானா? அந்த இரும்புப் பெட்டி பொய் சொல்லுதுன்னு ஊருக்கே தெரியும். எதுக்கு நனையற?"

"விதி இருக்கே அண்ணே."

"விதி இருக்கு. மெமோவும் இருக்கு. ரெண்டுல எது வீட்டுக்கு வருதுன்னு பாரு."

அதற்கப்புறம் வந்த மழைக்கு அவள் நடக்கவில்லை. எழுதிவிட்டு, தெரியாது என்று தெரிந்தும் ஜன்னலில் மூன்று வாட்டி எட்டிப் பார்த்தாள். அடுத்த மழைக்கு ஒரே வாட்டிதான் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் வருஷம் பார்த்தால் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கணக்கப்பிள்ளை கத்தும், போன் அடிக்கும், அண்ணன் "மழையா?" என்பார், இவள் "மழைதான் அண்ணே" என்பாள், எண்ணைச் சொல்வாள், இருவரும் அமுக்குவார்கள். வண்டி முழுசாக வந்ததா என்ற கேள்வியே பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. ரெஜிஸ்டரில் மட்டும் வரிசை வரிசையாக, அழகான கையெழுத்தில், 'கடைசிப் பெட்டி பார்த்தேன்.' கண்ட்ரோலர் சந்தோஷமாக இருந்தார். ஒரு தடவை, "இப்பத்தாம்மா நீங்க வேலையக் கத்துக்கிட்டீங்க" என்று பாராட்டினார். மழைக்கோட்டு ஆணியில் தொங்கித் தூசி படிந்தது. வீட்டில் கேஸ் அடுப்பை மட்டும் இப்போது நாலு வாட்டி பார்த்தாள். ஏன் என்று தையல்காரருக்குப் புரியவில்லை.

அந்த நாள் வந்தது. சாயங்கால நேரம், நல்ல மழை. அடுத்த ஸ்டேஷனிலிருந்து ஒரு கூட்ஸ் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. கால் மணி கழித்து வாக்கிடாக்கியில் அதன் டிரைவர், "பிரேக் குழாய்ல காத்து கசிஞ்சுது, அடைச்சுட்டோம், வர்றோம்" என்றார். நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. கொக்கி அறுந்து கடைசி இரண்டு பெட்டிகள் தனியே பின்தங்கிவிட்டன. காற்றுக் குழாய் அறுந்ததால் பிரேக் தானாகவே பிடித்து இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. அதுவரை கருவிகள் எல்லாம் சரியாகத்தான் செய்தன. உதவி டிரைவர் மழையில் இறங்கிப் பின்னால் நடந்தார். காற்று சீறுகிற இடம் வந்தது. அதற்குமேல் பெட்டி இல்லை. இதுதான் வண்டியின் கடைசி என்று நினைத்து, குழாயின் வாயைத் திருகி மூடிவிட்டுத் திரும்பினார். சிவப்புப் பலகை இருக்கிறதா என்று அவரும் பார்க்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம், மழைத்திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் சும்மா நின்றுகொண்டிருந்தன.

கூட்ஸ் வந்து ஓரத்து லைனில் நின்றது. கணக்கப்பிள்ளை கத்தத் தொடங்கியது. அடுத்த ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி இருபது நிமிஷமாகக் காத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்த நர்ஸுகள், காலேஜ் விட்ட பிள்ளைகள், கடைக்காரர்கள் என்று நிற்க இடமில்லாத வண்டி.

"மழையா?" என்றார் அண்ணன்.

அக்கா எழுந்தாள். ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்தாள். வண்டி நடுவழியில் கால் மணி நின்றதே என்று மனசில் ஒரு முள் குத்தியது. அது முள்தானா என்று யோசிக்கிற நேரத்தில் இன்னொரு போன் அலறியது.

"என்னம்மா தூங்கறீங்களா? பாசஞ்சர்ல ஜனங்க கத்தறாங்க. மேலதிகாரி என் தலைமேல நிக்கறாரு! பச்சை எங்கே?"

அவள் உட்கார்ந்தாள். "மழைதான் அண்ணே" என்றாள். எண்ணைச் சொன்னாள். அமுக்கினாள். சத்தம் நின்றது, பச்சை வந்தது. 'கடைசிப் பெட்டி பார்த்தேன்' என்று எழுதினாள்.

பாசஞ்சர் அங்கிருந்து கிளம்பியது. இங்கே கூட்ஸுக்கு மேற்கொண்டு போக சிக்னல் விழுந்தது. அதுவும் மெல்ல நகர்ந்து கேபின் ஜன்னலைக் கடந்தது. பழக்க தோஷத்தில் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெட்டி, பெட்டி, பெட்டி. கடைசிப் பெட்டி. அதன் முதுகில் பலகை இல்லை. அறுந்த கொக்கி தொங்கியது, பக்கத்தில் ரப்பர் குழாய் ஆடிக்கொண்டே போனது.

போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, பாசஞ்சர்?"

"மூணு நிமிஷம் ஆச்சேம்மா. ஏன்?"

ரிசீவரைப் போட்டுவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தாள். "பாசஞ்சர் டிரைவர்! வண்டிய நிறுத்துங்க! பாசஞ்சர் டிரைவர்!" கரகரவென்று மழைதான் பதில் சொன்னது. அவளுடைய சிக்னலைச் சிவப்பாக்கினாள். அதனால் என்ன பிரயோசனம், அந்த சிக்னல் இருப்பது நின்ற பெட்டிகளுக்கு இந்தப் பக்கம். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாரு? அக்காவா? சொல்லுங்க."

"பிரேக்கைப் போடுடா! காரணம் அப்புறம்!"

அந்த டிரைவர் மகராசனாக இருக்கட்டும், ஒரு கேள்வி கேட்கவில்லை. வாக்கிடாக்கியில் இரும்பு தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவளுக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது.

"அக்கா..." என்றது குரல். "முன்னால ரெண்டு பெட்டி நிக்குது."

"எவ்வளவு தூரம்?"

"நூறடி இருக்கும்க்கா. அவ்வளவுதான்."

நாற்காலியில் உட்காரப் போனவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. தையல்காரர் மிஷினை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார். மகள் கதவருகே நின்றாள். காலேஜ் முதல் வருஷம், நாக்கு நல்ல கூர்மை.

"அம்மா, நான் ராத்திரி சார்ஜரைக் கழட்டினேனான்னு மூணு வாட்டி வந்து பாக்கற. தண்ணி பாட்டில் மூடிய மூணு வாட்டி திருகற. அந்த ரெண்டு பெட்டிய ஒரு வாட்டி பாக்க முடியலையா உன்னால? என் ஃப்ரெண்டு அந்த வண்டியில இருந்தா."

தையல்காரர், "உள்ள போடி!" என்று அதட்டினார். அக்கா, "இருக்கட்டும், அவ கேட்டதுல தப்பில்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். முந்தின நாள் தையல்காரர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"எழுதினது எழுதியாச்சு. போய்ப் பாத்தேன், மழையில கண்ணு மறைச்சுடுச்சுன்னு சொல்லிடேன். கண்ணு மறைச்சதுக்கு ஒரு கண்டிப்போட விட்டுடுவாங்க. பாக்காமயே எழுதினேன்னா நாற்காலி போயிடும்."

"ஆறு வருஷம் மழையில நடந்தேங்க. ஒரு நாள் கூட என் கண்ணு மறைக்கல."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

அக்கா எழுந்தாள். அலமாரியைத் திறந்து மெமோ கட்டைத் தேடினாள்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் குள்ளமாக, வழுக்கையாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் இருமினார். அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அண்ணே, நீங்களா?"

"நீயாம்மா? உன்னை நல்ல உயரம்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"நானும் உங்களை அப்படித்தான் நினைச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு இருவருக்கும் கண் கலங்கியது. பதினோரு வருஷம் கழித்து முதல் சந்திப்பு இப்படியா வாய்க்க வேண்டும்? தலையெழுத்து!

இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் ரெஜிஸ்டரைத் திருப்பினார்.

"கடைசிப் பெட்டி பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. பாத்தீங்களா?"

"பாக்கலைங்க."

அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"பாக்காம எப்படி எழுதினீங்க?"

"மூணு வருஷமா அப்படித்தாங்க எழுதறேன். அதுக்கு முன்னால ஆறு வருஷம் பாத்துட்டுத்தான் எழுதினேன்."

"கருவி அன்னிக்கு எட்டு ஜோடி பாக்கின்னு காட்டியிருக்கு. மழைக் கோளாறுன்னா ஒண்ணு ரெண்டுதான் குறையும்னு உங்களுக்குத் தெரியும். அந்த எண்ணையாவது பாத்தீங்களா?"

இது அவளுக்குப் புதுச் செய்தி. இரண்டு பெட்டிக்கு எட்டு ஜோடிச் சக்கரம். ஒன்பது வருஷம் புலி வருது புலி வருது என்று கத்தின கருவி அன்றைக்கு நிஜப் புலியை எண்ணிக்கூடச் சொல்லியிருக்கிறது. அவள் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில்.

"அதையும் பாக்கலைங்க" என்றாள்.

"ஆறு வருஷம் பாத்தவங்க ஏன் நிறுத்தினீங்க?"

அக்கா கைப்பையிலிருந்து கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பாக்கப் போனதுக்குப் பதினேழு மெமோ குடுத்தீங்க. பாக்காம இருந்த மூணு வருஷத்துல ஒண்ணு கூட வரலைங்க. பாராட்டுத்தான் வந்துச்சு. தப்பு என்னுதுதான், இல்லைன்னு சொல்லல. அந்த வண்டியில இருந்தவங்களை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல. ஆனா என்னுது மட்டும் இல்லைங்க."

பின்னால் இருமல் கேட்டது. அண்ணன் எழுந்து நின்றிருந்தார். "நடக்க வேணாம்னு சொல்லிக் குடுத்தது நான்தாங்க. அதையும் எழுதிக்குங்க."

நடுவில் இருந்தவர் மெமோக்களை ஒரு விரலால் ஓரமாக நகர்த்தினார். "இதெல்லாம் இந்த விசாரணையோட வரம்புக்குள்ள வராதும்மா."

அறிக்கை வந்தது. நான்கு பக்கம். 'கருவி சரியாக இயங்கியுள்ளது. காரணம்: மனிதத் தவறு.' மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. கருவி நானூறு தடவை தப்பாகச் சொன்னால் அது மழை. மனுஷி ஒரு தடவை தப்பு செய்தால் அது தவறு. விரிசல் விட்ட மூடியைப் பற்றி ஒரு வரி இல்லை. எடுத்துவிட்ட கார்டையும் பாயிண்ட்ஸ்மேனையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பச்சை பச்சை என்று கத்தின கண்ட்ரோலரின் பேர் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. அண்ணனுக்குக் கண்டிப்புக் கடிதம். அக்காவை கேபினிலிருந்து இறக்கி, அதே ஸ்டேஷனில் விசாரிப்பு ஜன்னலில் உட்கார வைத்தார்கள். எந்த வண்டி எந்த பிளாட்பாரம், கழிவறை எந்தப் பக்கம் என்று சொல்கிற வேலை.

அறிக்கையின் கடைசியில் ஒரு பரிந்துரை இருந்தது. அதையும் நிறைவேற்றினார்கள், அவசரமாகவே. கணக்கப்பிள்ளையின் தலையில் ஒரு சின்னத் திரையை வைத்தார்கள். இனிமேல் கணக்கை அழிப்பதற்கு முன்னால் அது கேட்கும்: 'கடைசிப் பெட்டியைப் பார்த்தீர்களா? ஆம் / இல்லை.' ஆம் என்று அமுக்கினால்தான் மேலே போகும். இதற்கு விழா மாதிரி போட்டோ எல்லாம் எடுத்தார்கள். புது கேபிள் மட்டும் வரவில்லை.

விசாரிப்பு ஜன்னல் கேபினுக்கு அடுத்த அறை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். முதல் மழை வந்தது. கணக்கப்பிள்ளை 'கீ கீ' என்றது. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இரண்டு விநாடி. 'டொக்' என்று ஆம் விழுந்தது. சத்தம் நின்றது. கதவு திறக்கிற ஓசையே கேட்கவில்லை.

"அட பாவி மனுஷா!" என்றாள் அக்கா. ஜன்னலுக்கு வெளியே வழி கேட்க நின்றவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து விலகிப் போனார்.

மறு மழைக்கு அவள் தயாராக வந்திருந்தாள். சத்தம் கேட்டதும் மேசைக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிற மழைக்கோட்டை எடுத்து மாட்டினாள். ஜன்னலில் 'இதோ வருகிறேன்' என்று அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு ஜல்லிக்கல்லில் நடந்தாள். முழங்கால் முன்பு மாதிரி இல்லை. வளைவு தாண்டி, தொட்டியைச் சுற்றிப் போனாள். கடைசிப் பெட்டியின் முதுகில் சிவப்புப் பலகை சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கேபின் ஜன்னலைத் தட்டினாள்.

"வந்துடுச்சு. பாத்துட்டேன். இப்ப அமுக்குங்க."

கேபினுக்குப் புதிதாக வந்தவர் முழித்தார். "நான் எப்பவோ அமுக்கிட்டேனேக்கா."

"என்னத்தைப் பாத்து அமுக்கினீங்க?"

"கேட்டுச்சு, அமுக்கினேன்."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நானும் உங்களை மாதிரியேதாங்க அமுக்கினேன். பாசஞ்சர் நூறடியில நின்னுச்சு. இனிமே கத்துச்சுன்னா சுவத்துல ஒரு தட்டுத் தட்டுங்க. நான் பாத்துட்டு வர்ற வரைக்கும் கையை மடியில வெச்சுக்கிட்டு உட்காருங்க. உங்க வீட்டு ஆளு யாராச்சும் பாசஞ்சர்ல வர்றாங்களா?"

"என் தங்கச்சி தினம் வருவா."

"அப்பச் சரி."

அடுத்த மழைக்குச் சுவரில் 'டொக் டொக்' என்று தட்டு விழுந்தது. அவள் நடந்தாள். அவர் காத்திருந்தார். கண்ட்ரோலர் போனில் கத்தினார், பன்னிரண்டு நிமிஷம் கத்தினார். எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் அண்ணன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "முழுசா வந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி, அப்புறம் நான் அமுக்கறேன்" என்று இருமிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் காகிதம் வந்தது. விசாரிப்பு ஜன்னல் பன்னிரண்டு நிமிஷம் மூடிக் கிடந்ததாகப் பயணி ஒருவர் புகார். அதே நேரத்தில் பாசஞ்சர் வண்டியும் தாமதம். 'பணியிடத்தை விட்டு அகன்றது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தரவும்.' பதினெட்டாவது மெமோ.

தையல்காரர் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மகள் வாங்கிப் படித்தாள். உள்ளே போய்த் தன் பேனாவை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தாள்.

அக்கா எழுதினாள்: 'மழை பெய்தது. கடைசிப் பெட்டி வந்ததா என்று பார்க்கப் போனேன். வந்திருந்தது.'

எழுதியதை இன்னொரு வாட்டி படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.